விசிறி ஓடியும் கோழிகள் செத்தது ஏன்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. வீட்டின் பின்பக்கம் முட்டைக்காகப் பதினான்கு கோழிகள் வளர்க்கிறார். நாலு பக்கமும் பலகை அடித்து, மேலே தகரம் போட்ட கொட்டகை. முன்பு ஒரு நாய் புகுந்து சில கோழிகளைக் கடித்துப் போட்டதால், ராத்திரியில் ஒரு சந்து விடாமல் அடைத்துப் பூட்டுகிறார். போன வாரம் வெயில் திடீரென்று ஏறியது. கொட்டகைக்குள் விசிறி வைத்தார், மணிக்கொரு தரம் கோழிகள் மேல் தண்ணீர் தெளித்தார், குடிதண்ணீரில் பாரசிட்டமால் கரைத்துக் கொடுத்தார், ‘சூடு’ என்று மக்காச்சோளத்தை நிறுத்தினார். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், வெயில் தாழ்ந்த பிறகு, இருப்பதிலேயே கொழுத்த இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. மிச்சம் உள்ளவற்றில் சில, ஓடு கட்டாத தோல்முட்டை இடுகின்றன.

‘வெயிலென்றால் மதியம் அல்லவா சாகும், இது நோய்தான்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறார். அம்மா இறகை வெட்டிவிடச் சொல்கிறார். கணவர், எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்கிறார். இதற்கிடையில் ஒரு கோழி மூலையில் அடை உட்கார்ந்திருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு, கடைசி வரியில் “நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேனா டாக்டர்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தவரை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பாடு முழுக்கக் கோழியின் மேல் போயிருக்கிறது. கோளாறு கொட்டகையில் இருக்கிறது. அதிலும், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பகலைவிட ராத்திரியில்தான் இருக்கிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நமக்கு அது கடும் காய்ச்சல், அதற்கு அது சுகம். இந்த அளவைத் தாண்டாமல் இருக்க அதற்கு இரண்டே வழி. ஒன்று, கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியில் இறகு குறைந்த தோல் ஆகியவற்றின் வழியாகச் சூட்டைக் காற்றில் விடுவது. வெயில் நாளில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது இதற்குத்தான். இன்னொன்று, வாயைத் திறந்து இரைப்பது. நிமிடத்துக்கு முப்பது தடவைக்குள் மூச்சு விடும் கோழி, இரைக்கும்போது 150-ஐத் தாண்டும். மூச்சோடு போகும் ஈரம் சூட்டையும் சேர்த்து எடுத்துப் போகிறது. சுற்றியுள்ள காற்றும் 40-ஐ நெருங்கிவிட்டால் முதல் வழி அடைபட்டுப் போகும். அப்போது இரைப்பு ஒன்றுதான் கோழியின் கையில் இருக்கிறது. அந்தக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அதுவும் பலிக்காது.

இனி உங்கள் கொட்டகையைப் பாருங்கள். பகல் முழுக்கத் தகரம் காய்கிறது, பலகையும் தரையும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்ததும் கோழிகளை உள்ளே விட்டு இறுக்கி அடைக்கிறீர்கள். ஒரு முட்டைக்கோழி சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 10 வாட் சூடு விடும். பதினான்கு கோழி என்றால், பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை அந்தப் பெட்டிக்குள் விடியவிடிய எரிய விட்டதைவிட அதிகம். வெளியே காற்று ஆறிப் போயிருக்கும், உள்ளே ஆறியிருக்காது. காலையில் வெளியே வரும் கோழி, நேற்றைய சூட்டில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. அடுத்த நாள் வெயில் அதன் மேல் ஏறுகிறது. முதல் இரண்டு நாள் தாக்குப்பிடித்த கோழிகள் மூன்றாம் நாள் விழுந்ததன் கணக்கு இதுதான். கொழுத்த கோழிக்கு உள்சூடு அதிகம், அதை வெளியேற்றும் தோல் பரப்பு உடம்புக்குக் குறைவு. அதனால் அவை முந்திக்கொண்டன.

சாயங்காலச் சாவும் இதற்குள்ளேயே அடங்கும். பின்மதியத்திலும் அந்தியிலும் கோழி விழுவதுதான் வெப்ப அதிர்ச்சியில் வழக்கம். உடம்பில் சேர்ந்த சூடு உச்சத்துக்கு வர நேரம் எடுக்கிறது. நமக்கு வெயில் தாழ்ந்துவிட்டது, தகரத்துக்கு இன்னும் தாழவில்லை.

நோய்தானா?

பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகத்தை நான் ஒதுக்க மாட்டேன். வெயில் காலத்தில் எந்தக் கோழி செத்தாலும் ‘சூடு’ என்று சொல்லிப் புதைத்துவிடுவதும் ஆபத்துதான். அவர் சொல்லும் காரணம் தவறு, சந்தேகம் நியாயம்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. விடியற்காலையில், இருப்பதிலேயே குளிர்ச்சியான நேரத்தில், போய்ப் பாருங்கள். வெப்பத்தால் மட்டும் வாடிய கோழிகள் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு சுறுசுறுப்பாக இரை தேடும். அந்தக் குளிர்ச்சியிலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழிந்தால், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், மூக்கில் சளி வடிந்தால், கழுத்து திருகினால், கால் இழுத்தால், அது வெயில் வேலை இல்லை. வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய்க்கு அப்படிப்பட்ட அறிகுறிகள் வரும். வெறும் நீராக எச்சம் போவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பதால் வருவது அது.

சந்தேகம் இருந்தால், செத்த கோழியை உறையில் கட்டி, வீட்டுச் சாப்பாடு வைக்காத குளிர்பெட்டியில் வைத்து, சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உறைய வைக்க வேண்டாம், உறைந்துவிட்டால் உள்ளுறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது. அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். பல கோழிகள் சட்டென்று ஒன்றாகச் சாவது, காட்டுப் பறவைகளும் அக்கம்பக்கத்தில் விழுவது என்று இருந்தால் தொடவே கூடாது; கால்நடைத் துறைக்குத் தகவல் போக வேண்டும். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தைத் தெரிவிப்பது பல நாடுகளில் வளர்ப்பவரின் சட்டக் கடமை.

ஆன்டிபயாடிக்கை இப்போது தொட வேண்டாம். அது வெப்பத்துக்கு ஒன்றும் செய்யாது. மருந்து முட்டையில் இறங்கும், அந்த முட்டையைப் பல நாள் யாரும் சாப்பிட முடியாது. காரணம் தெரியாமல் செத்த கோழியைச் சமைப்பதும் கூடாது. நீங்கள் அப்படிச் செய்ததாக எழுதவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் கொட்டகை

ஒரே ஒரு வேலைக்குத்தான் இந்த வாரம் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எதிரெதிரான இரண்டு பக்கச் சுவர்களின் மேல்பாதிப் பலகையைக் கழற்றிவிட்டு, அரை அங்குலக் கண்ணி உள்ள கனமான கம்பி வலையை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே நுழையுமே தவிரக் கடந்து போகாது. நாய் பயம் உங்களுக்கு நியாயமானது. மெல்லிய அறுகோணக் கோழிவலை நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை, அதைப் போட வேண்டாம். கனமான வலையை ஆணியால் மட்டும் நிறுத்தாமல், மேலே சட்டம் வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள். நாய் தோண்டி வரும் இடமென்றால், ஒரு முழ அகல வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து மண்ணைத் தள்ளி மூடுங்கள். தோண்டும் நாய் சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை நகத்தில் மாட்டியதும் விட்டுவிடும்.

கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு கையகல இடைவெளி விடுங்கள், அதற்கும் வலை போடுங்கள். தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சூடு கணிசமாகக் குறையும். தகரத்துக்கு மேல் சற்று இடைவெளி விட்டு நிழல் வலையோ வைக்கோல் படலோ போட்டால் இன்னும் நல்லது. வைக்கோல் போட்டால், விசிறிக்கு இழுத்த வயர் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் கூளம் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. குளிர்காலத்துக்கு ஏற்றபடி முழங்கை ஆழத்துக்குப் போட்டிருந்தால், அது உள்ளே புளித்துத் தானே சூடு கிளப்பும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் வாரிப் போட்டுவிட்டு இரண்டு அங்குல அளவுக்குக் காய்ந்த கூளம் போதும்.

இதையெல்லாம் செய்த பிறகு, கோழி உட்காரும் கழியின் உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்க விடுங்கள். இரவு பத்து மணிக்கு உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறப்பு இன்னும் போதவில்லை. வெப்ப காலத்தில் நான் எந்த மருந்தையும்விட இந்த எண்ணைத்தான் கேட்பேன்.

விசிறியும் தெளிப்பும்

மூடிய கொட்டகைக்குள் வைத்த விசிறி அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். இப்போது சுவரைத் திறந்துவிட்டால் அதே விசிறி பலன் தரும். அதை ஒரு திறப்பின் அருகில், வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி, கோழிகளின் உயரத்துக்கு வையுங்கள். காற்றே 40-க்கு மேல் போகும் நேரத்தில் விசிறி மட்டும் உதவாது, அதுவும் தெரிந்திருக்கட்டும்.

தெளிப்பு விஷயத்தில்தான் நீங்கள் நல்லது நினைத்துச் செய்தது எதிராகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். வறண்ட காற்றில், நல்ல காற்றோட்டத்தில், பனி போன்ற தூறல் அருமையான வழி. அடைத்த இடத்தில் மணிக்கொரு தரம் தெளித்தால், காற்று ஈரத்தால் நிறைந்து கோழியின் இரைப்பு வீணாகிறது. கூளம் நனைந்தால் அம்மோனியா நெடி கிளம்பும், ரத்தக் கழிச்சலுக்கும் அது வழி. அந்தத் தண்ணீரைக் கூரையின் மேல் ஊற்றுங்கள். தகரத்தில் விழுந்து ஆவியாகும் நீர் கோழிக்குத் தொந்தரவு செய்யாமல் சூட்டை எடுத்துப் போகும். திறந்த பக்கத்தில், காற்று வரும் திசையில், ஈரச் சாக்குத் தொங்க விடலாம். அதுவும் காற்று வறண்டிருந்தால் மட்டும்.

தண்ணீர், தீவனம், மருந்து

சாதாரண நாளில் கால் லிட்டர் அளவில் குடிக்கும் கோழி, கடும் வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் குடிக்கும். ஆனால் சுடுகிற தண்ணீரைக் குடிக்காமல் நின்றுவிடும். வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வரும் தண்ணீரை வடிய விட்டுப் பிடியுங்கள். ஒரே பெரிய பாத்திரம் வைத்தால், அதிகாரம் செய்யும் கோழி ஒன்று அதன் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றதை விரட்டும். நிழலில் நாலு இடத்தில் வையுங்கள், நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள். ஐஸ் கட்டி போடுவதில் தப்பில்லை. கூடவே, கணுக்கால் நனையும் அளவுக்கு நீர் ஊற்றிய அகலமான தட்டு ஒன்றை வைத்தால், சில கோழிகள் தாமாகவே அதில் போய் நிற்கும்.

பாரசிட்டமாலை நிறுத்திவிடுங்கள். காய்ச்சலில், உடம்பே தன் சூட்டின் அளவை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. மருந்து அதைத்தான் இறக்குகிறது. இங்கே உடம்பு அப்படி எதையும் உயர்த்தவில்லை. வெளிச்சூடு உள்ளே புகுந்திருக்கிறது. மருந்துக்கு அங்கே வேலையே இல்லை, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமைதான் மிச்சம். கோழிகளுக்கென விற்கும் எலக்ட்ரோலைட் (தாது உப்பு) தூளை, கடும் வெயில் நாட்களில், பொட்டலத்தில் சொன்ன அளவில், பாதி நாள் மட்டும் கொடுக்கலாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். அளவு மீறினால் உப்பே விஷம்.

மக்காச்சோளம் சூடு என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் இருக்கிறது. எந்தத் தீவனமானாலும் செரிக்கும்போது சூடு கிளம்பத்தான் செய்யும். புரதம் செரிக்கும்போது கிளம்பும் சூடுதான் அதில் அதிகம். சோளத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. சோளத்தை மட்டுமே கொட்டினால் சத்துக் குறையும் என்பது வேறு விஷயம். என்ன போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். தின்ற பிறகு சில மணி நேரம் கழித்துத்தான் செரிமானச் சூடு உச்சத்துக்கு வருகிறது. காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு உள்சூடும் வெளிச்சூடும் ஒரே நேரத்தில் சேரும். அதனால் விடிந்ததும் ஒருமுறை, வெயில் முழுக்கத் தணிந்த பிறகு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, நடுவில் தீவனத்தை எடுத்துவிடுங்கள்.

தோல்முட்டைக்கும் இரைப்புக்கும் தொடர்பு உண்டு. விடாமல் இரைக்கும் கோழி ரத்தத்திலிருந்து கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியே விட்டுவிடுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். அதோடு, தீவனம் குறைவதால் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் படிகிறது. ஆகவே சாயங்காலத் தீவனத்தோடு பொடிக்காத கிளிஞ்சல் துணுக்கைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது எடுத்துக்கொள்ளும். கொட்டகை ஆறாதவரை இது பாதி வைத்தியம்தான்.

இறகை வெட்டலாமா என்று அம்மா கேட்டதற்கு: வேண்டாம். இறகு குளிரைத் தடுப்பதுபோல நேர்வெயிலையும் தடுக்கிறது. வெட்டிய இடத்தில் தோல் வெந்துபோகும், மற்றக் கோழிகள் கொத்திப் புண்ணாக்கும். வளரும் இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், அதை வெட்டினால் ரத்தமும் வடியும்.

கண்ணெதிரே ஒரு கோழி விழுந்தால்

இரைப்பது இயல்பு. தள்ளாடுவது, கழுத்து தொங்குவது, கூப்பிட்டால் கண் திறக்காதது, இதெல்லாம் அவசரம். நிழலுக்குத் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீர் நிறைத்த வாளியில் கழுத்துவரை இறக்குங்கள். தலையை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இறகு எண்ணெய்ப்பசையுள்ளது, தண்ணீர் மேலோடு உருண்டு ஓடிவிடும். மற்றக் கையின் விரலால் நெஞ்சு இறகையும் இறக்கை அடியையும் விலக்கி, தோல் நனைகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும், எடுத்து விசிறிக் காற்றில் வையுங்கள். பனிக்கட்டித் தண்ணீர் வேண்டாம். அதிர்ச்சியில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடலாம். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் பிழைத்திருக்க வேண்டியதும் பிழைக்காது. அலகின் நுனியை மட்டும் நனைத்து விடுங்கள், தெளிந்தால் தானே குடிக்கும். அன்று ராத்திரி தனியாக, காற்றோட்டமான இடத்தில் வைத்திருங்கள். தளர்ந்த கோழியை மற்றவை சும்மா விடா.

கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா

இந்த வெயிலில் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. பிடிப்பதும் அடைத்துக் கொண்டுபோவதும் கோழிக்குப் பெரிய உளைச்சல், வழியிலேயே சாகலாம். இன்னொன்று, திடீர் வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உங்களிடம் மிஞ்சியவை பாதி பழகியிருக்கும். கணவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்தக் கொட்டகைக்கு இது அதிகக் கூட்டமாக இருக்கலாம். உயரக் கழியில் உட்காரும்போது இரண்டு கோழிக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்தால், அடுத்த கோடைக்கு முன் எண்ணிக்கையைக் குறையுங்கள். கனத்த உடம்பும் அடர்ந்த இறகும் உள்ளவற்றை முதலில் கொடுங்கள். பெரிய கொண்டையும் ஒல்லி உடம்பும் உள்ளவை வெயிலைத் தாங்கும். விடியற்காலையில் அனுப்புங்கள், காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டு கோழி செத்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவரிடமும் கோழிகள் இருக்கும், தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

அப்புறம், அடைக்கோழி. கூட்டத்தில் இப்போது அதிக ஆபத்தில் இருப்பது அதுதான். மற்றவை நிழலைத் தேடிப் போகும், இது முட்டையை விட்டு எழாது. இரையும் தண்ணீரும் குறைத்துக்கொண்டு, காற்றில்லாத மூலையில், கூளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். முட்டைகள் கருவுள்ளவை இல்லையென்றால் (சேவல் இல்லாவிட்டால் அப்படித்தான்) இன்றைக்கே எடுத்துவிட்டு, அடியில் கம்பி வலை போட்ட, காற்று போகும் கூண்டில் தண்ணீரும் தீனியும் வைத்து மூன்று, நாலு நாள் விடுங்கள், அடை கலைந்துவிடும். கருவுள்ளவை என்றால், இருட்டிய பிறகு முட்டையோடு சேர்த்து, வீட்டின் குளிர்ந்த பக்கத்துக்கு, பக்கவாட்டில் திறந்த அகலமான கூடைக்கு மாற்றுங்கள். கரு வளர 37.5 டிகிரியை ஒட்டிய சூடு போதும், 40-க்கு மேல் நீடித்தால் உள்ளேயே செத்துப்போகும். காலையிலும் சாயங்காலத்திலும் அதைக் கையால் தூக்கித் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் இறக்கி விடுங்கள். கொத்தும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.